பண்டிகைக் காசு யார் கைக்குப் போகிறது?

தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் இடையில் மூன்று மாதம்கூட இல்லை. அதற்குள் நத்தாரும் ஆங்கிலப் புதுவருடமும் வந்துவிடும். உடுப்பு, பலகாரம், பாய், பெட்டி, அன்பளிப்பு என்று யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றின் பெரிய செலவுகள் பலவும் இந்த நாட்களில்தான் நடக்கின்றன. மார்கழி விடுமுறைக்கு ரொறன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வருகிறவர்கள், திரும்பும்போது பயணப்பெட்டி நிறைய ஊர்ச் சாமான் கட்டுவதும் இப்போதுதான்.

அந்தக் காசில் ஒரு பங்காவது தனியாக வீடு நடத்துகிற பெண்களின் கைக்கு நேரே போகட்டும் என்று நீங்கள் நினைத்தால் என்ன செய்யலாம்? எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது, எப்போது சொல்லி வைப்பது, காசை எப்படிக் கொடுப்பது. இவ்வளவுதான் விஷயம். இதில் 'எப்போது' என்பதைத்தான் நம்மில் பலர் யோசிப்பதில்லை. ஆகவே அதற்கே இங்கே கூடுதல் இடம்.

முதலில், யார் இந்தப் பெண்கள்? அரச காரியாலயங்களில் 'பெண் தலைமைத்துவக் குடும்பம்' என்பார்கள் (உழைப்பதும் முடிவெடுப்பதும் ஒரு பெண்ணாகவே இருக்கிற வீடு). போர் 2009 மே மாதம் முடிந்தது. அடுத்த ஆண்டு, அப்போதைய பிரதி அமைச்சர் எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லா, வடக்கிலும் கிழக்கிலுமாகப் போரில் கணவனை இழந்த பெண்கள் 89,000 பேர் என்று சொன்னார். அதில் வடக்கில் மட்டும் 40,000 பேர்.

கணவன் இறந்தவர்கள் மட்டும்தானா? இல்லை. கணவன் காணாமற்போனவர், கணவன் விட்டுப் போனவர், படுத்த படுக்கையான கணவனைப் பார்ப்பவர், வயதான தாய் தகப்பனுக்காக மணமாகாமலே நின்றுவிட்ட மூத்த மகள், எல்லோரும் இதில் அடக்கம். காணாமற்போனவரின் மனைவியிடம் போய் 'விதவை' என்று வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள். அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

தொழில் செய்ய வேண்டுமென்றால் வங்கியில் கடன் எடுக்கலாமே, ஏன் என்னைப் போல வாங்குபவரை எதிர்பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வங்கி ஈடு கேட்கும். பல பெண்களிடம் சீதனமாக வந்த ஒரு துண்டுக் காணி இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமை (நம் ஊரின் பழைய சொத்து வழக்கங்களைத் தொகுத்த சட்டம்) இங்கே குறுக்கே நிற்கிறது. அதோடு சேர்த்துப் பார்க்கப்படும் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் பெயரில் உள்ள காணியையே விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவன் எங்கே என்றே தெரியாதபோது சம்மதத்தை யாரிடம் வாங்குவது? மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி எடுக்கலாம். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசும், அலைய நாளும் வேண்டும்.

ஆகவே கடன் வேறு வழியில் வந்தது. நுண்நிதிக் கடன் (ஈடு இல்லாமல் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுத்து, வாராவாரம் வீடு தேடி வந்து அறவிடும் சிறு கடன்) போருக்குப் பிறகு வடக்கில் பெருகியது. ஒன்றைக் கட்ட இன்னொன்று என்று பலர் மாட்டிக்கொண்டார்கள். 2018இல் அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்துக் கட்ட முடியாமல் நின்ற, ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. யாழ்ப்பாணமும் அதில் ஒன்று. பின்னர் இந்தக் கடன்களின் வருட வட்டிக்கு 35 சதவீதம் என்று உச்ச வரம்பு வந்தது. உச்ச வரம்பே 35 என்றால், அதற்கு முன் எவ்வளவு அறவிட்டிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்த வட்டிக் கதை உங்கள் பண்டிகைச் சாமானுக்கு எங்கே வந்து தொடுகிறது என்பதைப் பார்க்க, பொருள் எப்படி உண்டாகிறது என்று தெரிய வேண்டும்.

பனையோலைப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பனையில் ஏறிக் குருத்தோலையும் சார்வோலையும் வெட்டுவது பெரும்பாலும் ஆண்களின் வேலை. வீட்டில் ஆண் இல்லாத பெண், கூலி கொடுத்துத்தான் ஓலை வெட்டுவிக்க வேண்டும். பிறகு ஓலையை வெயிலில் காயப் போட்டு, ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக வார்ந்தெடுக்க வேண்டும். நிறம் வேண்டுமென்றால் சாயத்தில் அவித்து மறுபடி காய வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இழைப்பது. இழைக்கிற நேரத்தை மட்டும் பார்த்து 'இதுக்கு இவ்வளவு விலையா' என்று கேட்பவர்கள், அதற்கு முன் நடந்ததைப் பார்த்ததில்லை.

இதில் கவனிக்க வேண்டியது வெயில். குடாநாட்டில் வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசியில் இருந்து மார்கழி வரை கொட்டித் தீர்க்கிறது. தீபாவளி, நத்தார், பொங்கலுக்கான அடுக்குகள் எல்லாம் அந்த மாரிக்குள்தான். ஓலை காயாது. வேப்பம்பூ வடகம் காயாது. மோர்மிளகாய் காயாது. நாம் சாமான் தேடி அலைகிற மாதங்களில் அந்தச் சாமானை உண்டாக்கவே முடியாது.

அப்படியானால் கார்த்திகையில் கடையில் தொங்குகிற சுளகு எங்கிருந்து வந்தது? ஆடி, ஆவணியில் யாரோ செய்து வைத்தது. அதை மாரி வரை தாங்கி வைத்திருக்கக் காசு வேண்டும். கையில் காசு உள்ள வியாபாரி கோடையிலேயே மலிவாக வாங்கி அடுக்கிவிடுவார். செய்த பெண்ணுக்கு வைத்திருக்க வழியில்லை. அடுத்த கிழமை கடன்காரர் வருவார். வந்த விலைக்குக் கொடுத்துவிடுவார். பண்டிகைக் காலத்து நல்ல விலை வருகிறபோது பொருள் அவர் கையில் இல்லை.

இதனால்தான் 'எப்போது' என்பதை முக்கியம் என்றேன். பொங்கலுக்கு வேண்டியதை மார்கழிக் கடைசியில் தேடினால், எவ்வளவு நல்ல மனதோடு வாங்கினாலும், இலாபம் பெரும்பாலும் இடையில் நிற்பவருக்கே போகும். ஆடி ஆவணியில் சொல்லி வைத்தால், அதே காசு செய்தவரிடம் போய்ச் சேரும். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் திருவிழா 25 நாள் நடப்பதும் அந்தக் காலத்தில்தான். நீங்கள் ஊரிலேயே இருப்பவராக இருந்தாலும் திருவிழாவுக்கு வருபவராக இருந்தாலும், தையில் வேண்டியதை அப்போதே சொல்லிவிடலாம்.

சொல்லி வைத்தால் போதுமா? போதாது. பாதிக் காசையாவது முன்னே கொடுங்கள். ஓலை வெட்டுகிற கூலிக்கும் சாயத்துக்கும் அவர் வட்டிக்கு வாங்காமல் இருக்க அதுதான் வழி. இது நானாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை. நியாய வணிகம் (செய்பவருக்கு உரிய விலை கிடைக்கும்படி நடத்தும் வியாபாரம்) என்ற முறைக்கு உலக அளவில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் பத்து விதிகளில் ஒன்று, கைவினைப் பொருளுக்குச் செய்பவர் கேட்டால் விலையில் குறைந்தது ஐம்பது சதவீதத்தை வட்டியில்லாமல் முன்னதாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. பெரிய கொம்பனிகளுக்கு எழுதிய விதிதான். நாலு சுளகு வாங்குகிற உங்களுக்கும் எனக்கும் அது பொருந்தாமல் இல்லை.

முற்பணம் கொடுத்துவிட்டுப் பொருள் வராவிட்டால்? அந்தப் பயம் இயல்பானது. முதல் முறை சிறிதாகச் சொல்லிப் பாருங்கள். தனியாளிடம் கொடுக்கத் தயக்கமாக இருந்தால், சங்கம் ஒன்றின் மூலம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அளவு, நிறம், எத்தனை, எந்தத் திகதி என்பதை ஒரு துண்டில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். வட்ஸ்அப்பில் ஒரு படமும் அனுப்பிவிட்டால் 'நான் சொன்னது இது இல்லை' என்ற பேச்சுக்கு இடமிராது.

எல்லாப் பொருளுக்கும் இப்படி மாதக்கணக்கில் முன்னே சொல்ல வேண்டுமா? வேண்டாம். பயற்றம் பணியாரம், அரியதரம், முறுக்கு போன்றவை அடுப்பில் ஆகிற சாமான்கள். வெயிலை நம்பியவை அல்ல. ஒரு கிழமை, பத்து நாள் முன்னே சொன்னால் போதும். ஆனால் எண்ணெயும் சீனியும் பயறும் இன்று கடனுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே முற்பண விதி இங்கேயும் உண்டு.

பனைப் பொருள்களுக்கு அவற்றுக்கே உரிய காலம் இருக்கிறது. பனங்கட்டி, பதநீர் இறங்குகிற காலத்தில் காய்ச்சப்படுவது. வருட முற்பகுதியில் தொடங்கிக் கோடையோடு முடியும். ஆண்கள் இறக்கிக் கொடுக்க, பெண்கள் காய்ச்சுவார்கள். பனாட்டு, பனம்பழம் விழுகிற ஆவணி புரட்டாதியில். விதை பாத்தியில் போட்டு முளைத்த பனங்கிழங்கு, பொங்கலை ஒட்டிப் புதிதாகக் கிடைக்கும். அதை அப்படியே காய வைத்தால் ஒடியல், அவித்துக் காய வைத்தால் புழுக்கொடியல். இரண்டும் மாரி முடிந்து வெயில் வந்த பிறகுதான். நத்தாருக்கு ஊருக்கு வந்து 'புது ஒடியல் இருக்கா' என்று கேட்டால், 'இருக்கு' என்று சொல்பவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

பனங்கட்டியில் இன்னொரு கவனம். சீனி கலந்து காய்ச்சியதும் சந்தையில் வருகிறது. பக்கத்துக் கடையைவிட மிக மலிவாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சின்ன ஓலைக் குட்டானில் வருவதெல்லாம் நல்லது என்றும் இல்லை; குட்டான் அழகுக்குத்தான். காய்ச்சிய வீட்டைத் தெரிந்து வாங்குவதே உத்தரவாதம்.

சரி, இந்தப் பெண்களை எங்கே தேடுவது? பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த வழி 'கற்பகம்' விற்பனை நிலையம். 1978இல் உருவான பனை அபிவிருத்திச் சபையின் கடை அது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருக்கிறது. விலை எழுதியிருக்கும், பேரம் இல்லை, அவசரத்துக்கு நல்லது. செய்தவர் யார் என்பது அங்கே பெரும்பாலும் தெரியாது, அவ்வளவுதான்.

செய்தவரை நேரே காண வேண்டுமா? ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்று ஒன்று இருக்க வேண்டும். யாழ் மாவட்டத்தில் 435 பிரிவுகள். சில சங்கங்கள் பெயருக்கு மட்டும் இருக்கின்றன. சில மிக நன்றாக இயங்குகின்றன. எது எப்படி என்பதை அறிய, 15 பிரதேச செயலகங்களில் உங்களுக்குக் கிட்ட உள்ளதற்குப் போய்ப் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள். யார் ஓலை இழைக்கிறார், யார் மிளகாய்த்தூள் வறுத்து இடிக்கிறார், யார் தைக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு காலைப்பொழுது மினக்கெடத்தான் வேண்டும். ஒருமுறை தெரிந்துகொண்டால் பிறகு தொலைபேசியிலேயே முடியும்.

சாப்பாட்டில் 'அம்மாச்சி' உணவகத்தைத் தவறவிடாதீர்கள். திருநெல்வேலியில் இருக்கிறது, வன்னியிலும் உண்டு. நாட்டின் மற்றப் பகுதிகளில் விவசாயத் திணைக்களம் 'ஹெல பொஜுன்' என்ற பெயரில் நடத்துவதைத்தான் வட மாகாணம் இந்தப் பெயரில் நடத்துகிறது. உள்ளே போனால் ஒரே சமையலறையாகத் தெரியும். ஆனால் அங்கே பெண்கள் தங்கள் தங்கள் பண்டத்தைத் தாங்களே செய்து விற்கிறார்கள். தோசை வாங்கினால் ஒருவருக்கு, குரக்கன் புட்டு வாங்கினால் இன்னொருவருக்கு. பண்டிகைக்குப் பலகாரம் செய்து தருவீர்களா என்று உங்களுக்குப் பிடித்த கைப்பக்குவக்காரரிடமே கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அது நேர் வியாபாரம். இடையில் ஒருவரும் இல்லை.

வடமராட்சிப் பக்கம் போகிறவர்கள் பருத்தித்துறை ஓடக்கரையில் தட்டை வடை வாங்காமல் திரும்ப மாட்டார்கள். வீட்டில் பெண்கள் தட்டிச் சுடுகிற வடை. யாராவது பாவம் பார்த்தா அதை வாங்குகிறார்கள்? மொறுமொறுவென்று நன்றாக இருக்கிறது, வாங்குகிறார்கள். மும்பையில் 1959இல் ஏழு பெண்கள் எண்பது ரூபா கடன் வாங்கி மொட்டைமாடியில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம், பின்னாளில் பல்லாயிரம் பெண்கள் பங்காளிகளாக உள்ள நிறுவனமாக வளர்ந்ததற்கும் காரணம் அப்பளத்தின் தரம்தான். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெண்களின் கதையே தெரியாது.

இங்கே என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். இரக்கப்பட்டு வாங்காதீர்கள். இரக்கத்தில் வாங்கிய பாய் அலுமாரிக்கு மேலே சுருண்டு கிடக்கும். அடுத்த வருடம் நீங்கள் அந்தப் பக்கம் போக மாட்டீர்கள். தேவைக்கு வாங்கியது தேயும், உடையும், மறுபடி வாங்க வைக்கும். நீத்துப்பெட்டி புட்டுக்கு வேண்டும், சுளகு அரிசி புடைக்க வேண்டும், கடகம் தோட்டத்துக்கு வேண்டும், தடுக்கு இருக்க வேண்டும். இவற்றில் பிளாஸ்ரிக் புகுந்த இடத்தில் ஓலையைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று உங்கள் குசினியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.

அப்படியானால் ஏன் பொருள் வாங்க வேண்டும், நேரே காசாகவே கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. மருந்துக்கோ பிள்ளையின் படிப்புக்கோ அவசரம் என்றால் கொடுங்கள், அது வேறு. ஆனால் வருடா வருடம் கை நீட்ட வைப்பதை அவர் விரும்புகிறாரா என்று ஒரு கணம் யோசியுங்கள். ஒரு ஓடரை முடித்துக் கொடுத்து வாங்கிய காசில் அவருக்கு ஒரு நிமிர்வு இருக்கிறது. அடுத்த ஓடருக்கு விலை பேசவும் அது வாய் கொடுக்கும்.

விலை பற்றிக் கதைப்போம். கணக்குக்காக மட்டும் ஒரு தொகையை வைப்போம்: கடையில் ஒரு பெட்டி 1,000 ரூபா. கடைக்காரர் அதை இடைத்தரகரிடம் 700க்கு எடுத்திருக்கிறார், தரகர் செய்தவரிடம் 450க்கு. நீங்கள் நேரே போய் 700 கொடுத்தால் உங்களுக்கும் 300 மிச்சம், அவருக்கும் 250 கூட. இரண்டு பேருக்கும் இலாபம் என்பதுதான் நேரே வாங்குவதன் சுகம். ஆனால் நம்மவர் செய்வது என்ன? நேரே போய், அங்கே 450ஐயும் 400க்குக் கேட்பது. கொழும்புக் கடையில் விலைச்சீட்டைப் பார்த்து வாய் திறக்காமல் கொடுக்கிற அதே ஆள், சந்தை வாசலில் இருக்கும் ஆச்சியிடம் ஐம்பது ரூபாவுக்கு அரை மணித்தியாலம் வாதாடுவார்.

அவர் அறாவிலை சொன்னால்? சொல்லலாம், எல்லோரும் மனிதர்தானே. 'கற்பகம்' கடை விலையை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் நியாயம். மிகக் கூட இருந்தால் ஏன் என்று கேளுங்கள். இரட்டைப் பின்னலா, சாயம் போட்டதா, நாரால் விளிம்பு கட்டியதா என்று அவர் காட்டுவார். காட்ட முடியாவிட்டால் நீங்கள் வேறிடம் பார்க்கலாம். அதில் பாவம் ஒன்றும் இல்லை.

பொருள் சரியில்லை என்றால் சொல்லலாமா, மனம் நோகாதா? சொல்லுங்கள். பேசாமல் வாங்கிக்கொண்டு போய், பிறகு அந்தப் பக்கமே திரும்பாமல் இருப்பதுதான் அவருக்குப் பெரிய நட்டம். 'மூடி இறுக்கமாக வரவில்லை', 'உப்புக் கூடிவிட்டது' என்று சொன்னால் அடுத்த முறை திருத்துவார்.

'பெண்களுக்கு உதவுங்கள்' என்று பெட்டியில் எழுதியிருப்பதை எல்லாம் நம்பலாமா? எழுதுவது சுலபம். விற்பவரிடம் மூன்று விஷயம் விசாரியுங்கள். செய்தவர் எந்த ஊர்? அவருக்கு ஒன்றுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? கொடுத்தது பொருளை எடுத்த அன்றா, விற்ற பிறகா? கடைசிக் கேள்விதான் கெட்டிக்காரக் கேள்வி. விற்ற பிறகு காசு தருவதென்றால், பொருள் தேங்கினால் நட்டம் அந்தப் பெண்ணுக்கே. நேர்மையாக நடத்துபவர் பதில் சொல்லத் தயங்க மாட்டார். சிலர் நீங்கள் கேட்டதற்கே சந்தோஷப்படுவார்கள்.

நல்ல காரியத்துக்காக விற்கப்படும் எல்லாமே இந்தக் கணக்கில் வராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தோலகட்டியில் 1928இல் தொடங்கிய செபமாலைத் துறவிகளின் பெயரோடு வருகிற நெல்லிரசம் யாழ்ப்பாணத்தில் பெயர் பெற்றது, தாராளமாக வாங்குங்கள். ஆனால் அது ஒரு துறவற சபையின் உழைப்பு. தனி ஒரு பெண்ணின் வீட்டு வருமானம் அல்ல.

உணவுப் பொருளில் சுட்டியைப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது, நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, செய்தவரின் விலாசம் இருக்க வேண்டும். சிறு தொழில் செய்பவர்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வைக்கு உட்பட்டவர்கள்தான். சுட்டி இல்லாமல் வீட்டில் செய்ததை வாங்குவதென்றால், தெரிந்த வீடாக இருக்கட்டும். உங்கள் வீட்டுக்கு என்றால் சரி, பிறருக்கு அன்பளிப்பாகக் கொடுக்க வேண்டாம்.

காரியாலயம், பாடசாலை, கோவில் சபை ஒன்றில் நீங்கள் பொறுப்பில் இருந்தால் உங்கள் கை இன்னும் நீளம். வருடக் கடைசியில் ஊழியருக்குக் கொடுக்கிற பொதியைக் கடதாசிப் பெட்டியில் கட்டாமல் ஓலைப் பெட்டியில் கட்டலாம். கலியாண வீட்டுப் பலகாரத்துக்கும் அப்படியே. இருநூறு பெட்டி என்றால் ஒருவரால் ஆகாது. சங்கமாகச் சேர்ந்து செய்வார்கள், ஒரு கோடைகாலம் முழுவதும் வேலை இருக்கும். ஆனால் இருநூறும் அச்சில் வார்த்தது போல் ஒரே மாதிரி வராது. அதை முதலே ஏற்றுக்கொண்டு சொல்லுங்கள். கடைசி நேரத்தில் 'அளவு பிழை' என்று திருப்பி அனுப்பினால் கடன் அவர்கள் தலையில். மாதக் கடைசியில் காசோலை தருகிறோம் என்பதும் அப்படித்தான். உங்கள் கணக்குப் பகுதிக்கு முப்பது நாள் ஒன்றுமில்லை, வாரத் தவணை கட்டுகிறவருக்கு அது நாலு தவணை.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். மாரியில் வாங்கிய ஓலைச் சாமானில் ஈரம் இருந்தால் பயணப்பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். வெயில் கண்ட ஒரு பகல் காய வைத்து, கடதாசியில் சுற்றிக் கட்டுங்கள். பொலித்தீனில் இறுக்க வேண்டாம். அவுஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகிறவர்கள், ஓலைப் பொருளையும் உணவுப் பொருளையும் வருகைப் படிவத்தில் கட்டாயம் அறிவியுங்கள். அறிவித்தால் பார்த்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் தண்டம்.

ஊருக்கே வராமல் அங்கிருந்து வாங்க முடியுமா? முடியும். ஊரில் இருக்கிற உங்கள் சித்தியோ மச்சாளோ போய் எடுத்து, இங்கேயே ஒரு முதியோர் இல்லத்துக்கோ பிள்ளைகள் இல்லத்துக்கோ பாயாகவும் தடுக்காகவும் கொடுத்துவிடலாம். பொதி அனுப்புகிற செலவும் மிச்சம்.

படம் எடுப்பது பற்றியும் ஒரு சொல். பொருளைப் படம் எடுங்கள், முகநூலில் போடுங்கள், இன்னும் நாலு பேர் கேட்பார்கள். ஆளைப் படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்கும்போது 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு இடம் விட்டுக் கேளுங்கள். கணவன் எப்படிச் செத்தார், எந்த முகாமில் இருந்தீர்கள் என்று சுளகு வாங்கப் போன இடத்தில் விசாரிக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. அவராகச் சொன்னால் இருந்து கேளுங்கள்.

இந்தப் பொங்கலுக்கு ஏற்கெனவே நேரம் போய்விட்டது என்று நினைக்கிறீர்களா? இந்த முறை பலகாரத்தையும் தையல் உடுப்பையும் நேரே சொல்லி வாங்குங்கள். அவற்றுக்கு இன்னும் நாள் இருக்கும். ஓலைச் சாமானில் கையில் இருப்பதை எடுங்கள். எடுக்கப் போகும்போதே, மாசி பங்குனியில் புழுக்கொடியல் எத்தனை கிலோ வேண்டும், ஆடியில் சுளகு எத்தனை வேண்டும் என்று தொலைபேசி இலக்கத்தோடு எழுதிக் கொடுத்து, முடிந்தால் பாதிக் காசையும் வைத்துவிட்டு வாருங்கள்.